ஆட்டுக்குட்டிப் புத்தகத்துக்கு வந்த பிழைதிருத்தம்

இன்னும் சில நாட்களில் நீங்கள் ஆளுக்கொரு புத்தகப் பையோடு தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறப் போகிறீர்கள். புத்தகத்தை எந்த உயரத்தில் பிடிப்பது, படத்தை எவ்வளவு நேரம் காட்டுவது, பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி எப்படிப் பேசுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஓய்வுபெற்ற என்னைக் கூப்பிட்டு அதையே மறுபடி சொல்லச் சொன்னால் நீங்களும் தூங்குவீர்கள், நானும் தூங்குவேன். அதனால் ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்கிறேன். துணியால் தைத்த ஆட்டுக்குட்டி. என் வேலைக்காலத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான்.

நம் வேலையை நான்கு வார்த்தையில் சொல்வது கடினம். என் அக்கா வீட்டுக்காரரிடம் இருபது தடவையாவது விளக்கியிருப்பேன். "அழுவுற புள்ளைக்கு ஒரு டொபி குடுத்தா முடிஞ்சுபோச்சு. அதுக்கு எதுக்குமா புத்தகம்?" என்பார். பயம், கோபம், பிரிவு, தோல்வி, இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். வரும்போது அதற்கு ஒரு பெயர் தெரிந்திருந்தால், பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால், பிள்ளை தாங்கிக்கொள்ளும். அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கிற படப்புத்தகங்களை நாம் எழுதுகிறோம், வரைகிறோம், பிள்ளைக் காம்பராக்களில் போய் உட்கார்ந்து படிக்கிறோம். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. உங்களில் கொழும்பிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த வருடம் நாங்கள் பிரிவைப் பற்றி ஒரு புத்தகம் செய்தோம். காலையில் அம்மா மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகள் பிள்ளைக் காம்பரா வாசலில் உருண்டு புரண்டு அழுவார்களே, அந்த அழுகைக்கு. கதை எளிது. ஒரு தாய் ஆடு மேயப் போகும். குட்டி அழும். பிறகு மூச்சை இழுத்து மூச்சை விடும். விளையாடும், தூங்கும். கடைசிப் பக்கத்தில் சாயங்காலம் ஆகும், மணிச் சத்தம் கேட்கும், அம்மா வந்துவிடும். கையில் மாட்டிக்கொண்டு பேசவைக்க ஒரு துணிக்குட்டியை நானே பழைய துவாய்த் துண்டில் தைத்தேன். ஒரு காது நீளமாகவும் ஒரு காது கட்டையாகவும் அமைந்துவிட்டது. பிள்ளைகள் அதைக் குறையாக நினைக்கவில்லை. குட்டி ஒரு பக்கமாகக் கவனித்துக் கேட்கிறது என்று நினைத்தார்கள்.

முதலில் போன இடங்களில் எல்லாம் புத்தகம் அமோகமாக ஓடியது. கடைசிப் பக்கத்தைத் திருப்பும் முன்னரே பிள்ளைகள் எழுந்து நின்று, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தினார்கள். மஸ்கெலியாவில் ஒரு பையன் அம்மா ஆடு வந்த சந்தோஷத்தில் பக்கத்துப் பிள்ளையைக் கடித்தே விட்டான். நான் வானத்தில் பறந்தேன். அடுத்த அச்சுக்கு உதவி செய்கிற கொழும்புக்காரர்கள் நேரில் பார்க்க வருகிறோம் என்றார்கள். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை பார்க்கலாம் என்று நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன்.

அந்தப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவர் மேரியக்கா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் அந்தக் குரல் எங்கே போகும் என்று தெரியாது. பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துவிட்டு, தானும் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நான் குட்டியைக் கையில் மாட்டிக்கொண்டு படித்தேன். எல்லாம் வழக்கம்போலப் போனது. கடைசிப் பக்கம் வந்தது. மணி அடித்தது. "வந்துருச்சு!" என்று எல்லாரும் கத்தினார்கள். மேரியக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

கத்தல் அடங்கியதும் நடு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பொய்."

நாலரை, ஐந்து வயது இருக்கும். இரட்டைச் சடை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பெயர் தர்ஷிகா. எழுந்து வந்து என் கையிலிருந்த குட்டியின் முகத்துக்கு நேராக நின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. குட்டியிடம்தான் பேசினாள்.

"அம்மா சாயங்காலம் வரும்னு ஒனக்கு யாரு சொன்னது?"

குட்டி என்ன சொல்லும்? குட்டியின் வாய்க்குள் இருந்தவை என் விரல்கள். நான் குட்டியை அசைத்து, "எங்கம்மா தினமும் வரும்," என்றேன்.

"எங்கம்மா வரல. எத்தன சாயங்காலம் போயிருச்சு தெரியுமா?"

மேரியக்கா பின்னாலிருந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டு, அடுத்த லயத்து வீடுகளுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "அதோட அம்மா குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருக்கு டீச்சர். இது நடக்கப் பழகினப்ப போனது."

எனக்குப் பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. பாயில் இருந்த அத்தனை பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். தர்ஷிகா இப்போது முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா இன்னைக்கு வருவாங்களா, டீச்சர்?"

இப்படி ஒரு கேள்வி உங்களிடமும் வரும். வரும்போது உங்கள் வாய் தானாக 'வருவாங்கம்மா' என்று சொல்லப் பார்க்கும். நல்ல மனசு இருக்கிற எல்லாருடைய வாயும் அப்படித்தான் செய்யும். எனக்கும் வாய் பாதி திறந்துவிட்டது. ஆனால் இந்தப் பிள்ளை சாயங்காலம் பஸ் வருகிற நேரத்துக்குத் தலைசீவி, பவுடர் போட்டு, ரோட்டோரத்தில் போய் நிற்குமே என்று ஒரு படம் கண்முன்னால் வந்து நின்றது.

"தெரியல," என்றேன்.

"அப்ப ஆட்டுக்கு மட்டும் எப்புடித் தெரியும்?"

என் பதிலுக்கு அவள் காத்திருந்தாள், மரியாதைக்கு. பிறகு குட்டியின் நீளக் காதைப் பிடித்து என் கையிலிருந்து உருவினாள். "புளுகுணி," என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு இழுத்து மூடினாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மேரியக்கா பிடுங்கித் தருகிறேன் என்று எழுந்தார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். கொஞ்ச நேரத்தில் விளையாடிவிட்டுத் தந்துவிடும் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைகளோடு அத்தனை வருடம் வேலை செய்த ஒருத்திக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மேரியக்கா போன் செய்தார்.

"டீச்சர், ஆடு வரமாட்டேங்குது."

"வரமாட்டேங்குதுன்னா?"

"கேட்டுப் பாத்துட்டேன். ஆடு உண்மையச் சொல்ற வரைக்கும் அந்தப் புள்ள உடமாட்டேங்குது. மத்த புள்ளைங்களும் அது கூட சேந்துருச்சு. ஆடு பொய் சொன்னுச்சு, ஆடு பொய் சொன்னுச்சுன்னு ஒரே சத்தம். கொழும்புக்காரங்க வாற அன்னைக்கு நான் என்னா செய்ய? பெரிய தொரையும் வாறாராம். எனக்கு நெஞ்சு படபடங்குது."

தர்ஷிகாவின் அப்பாவிடம் பேசினால் முடியும் என்று நினைத்தேன். யோகராஜ் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். போனில் அவர் குரல் இன்னும் மோசமாக இருந்தது.

"நான் என்னாங்க செய்ய? சாப்புடுறப்ப ஆட்டைத் தட்டுக்குப் பக்கத்துல வச்சு வெசாரணை நடத்துது. 'உண்மையச் சொல்லு, ஒனக்குச் சோறு தாறேன்'னு. நேத்து என்னையும் வெசாரிச்சுருச்சு. அம்மா எப்ப வரும், ஏன் போன்ல சரியா சொல்லமாட்டேங்குதுன்னு. நானும் தெரியலன்னுதான் சொன்னேன். இப்ப என்னையும் ஆட்டுகூட சேத்து ஒக்கார வச்சிருச்சு."

அப்போது எங்கள் அலுவலகத்துக்குப் பொறுப்பாக ஓர் அம்மா இருந்தார். எவ்வளவு பெரிய சிக்கல் வந்தாலும் மேசை லாச்சியைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்துச் சாப்பிட ஆரம்பிப்பார். முறுக்கு முடியும்வரை பேசமாட்டார். நமக்கோ தலை வெடிக்கும். நான் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆடு இல்லை, பிள்ளைகள் கட்சி கட்டிவிட்டார்கள், விருந்தாளிகள் வருகிறார்கள், நான் வேறு ஆடு ஒன்று தைக்கட்டுமா, வேறு தோட்டத்துக்கு மாற்றச் சொல்லட்டுமா என்றேன்.

முறுக்கு முடிந்தது. கையைத் தட்டிக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை ஆட்டைத் தூக்கிட்டுப் போகல. நம்ம புத்தகத்துக்குப் பிழைதிருத்தம் செஞ்சிருக்கு. போய் வாங்கிட்டு வா."

"பிழை எங்கயிருக்கு? கதை நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு. யாருக்குன்னு கேளு," என்று சொல்லிவிட்டு அடுத்த முறுக்கை எடுத்தார். அதற்குமேல் அவரிடம் ஒரு சொல் வாங்க முடியாது.

மறுநாள் பஸ் ஏறினேன். பிள்ளைக் காம்பராவின் பின்பக்கப் படியில் தர்ஷிகாவும் நானும் உட்கார்ந்தோம். நடுவில் குட்டி, சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு. அதன் கழுத்தில் ரப்பர் வளையம் ஒன்று போட்டிருந்தாள். கைதிக்குப் போட்ட விலங்காம்.

"குட்டி உண்மையச் சொல்லத் தயாரா இருக்கு," என்றேன். "ஆனா அதுக்கு உண்மை தெரியல. நீ சொல்லிக் குடுக்குறியா?"

அவள் யோசித்தாள். பெரிய ஆளாகிவிட்ட மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"அதோட அம்மா மேயப் போவல. பிளேன்ல போயிருச்சு."

"சரி. குட்டி என்ன செய்யும்?"

"அழுவும்."

"பிறகு மூச்சை இழுத்து..."

"இல்ல," என்றாள், நான் ஏதோ அபத்தம் பேசிவிட்ட மாதிரி. "பெறகு கோவம் வரும். தொர பங்களாத் தோட்டத்துக்குப் போயி முட்டக்கோவா எல்லாத்தையும் தின்னுரும்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணுகூட வைக்காது. ரோசாப்பூவையும் தின்னுரும். கணக்கப்புள்ள தொரத்துனா அவரையும் முட்டும்."

"பிறகு?"

"வவுறு வலிக்கும்."

"அவ்வளவு கோவா தின்னா வலிக்கும்தான். பிறகு?"

"பேசாம ஒக்காந்திருக்கும்."

"தனியாவா?"

குட்டியின் கட்டைக் காதை இழுத்து நீளமாக்கப் பார்த்தாள்.

"அப்பா ஆடு பக்கத்துல ஒக்காந்திருக்கும். அதுக்கும் கோவம். ஆனா அது கோவா திங்காது. பெரிய ஆடுல்ல."

நான் சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு கேட்க எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது.

"கடைசியில என்ன ஆகும், தர்ஷிகா?"

"கடைசி இன்னும் வரல," என்றாள் சாதாரணமாக. "வந்தா சொல்றேன்."

விருந்தாளிகள் வரும் நாளுக்குக் குட்டியைக் கொண்டுவர ஒத்துக்கொண்டாள். ஒரு நிபந்தனை. அது அவள் கையில்தான் இருக்கும்.

அந்த நாளும் வந்தது. மேரியக்கா விடிந்ததிலிருந்து ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து தமிழ் தெரியாத ஓர் அம்மையாரும், அவருக்கு மொழிபெயர்க்க ஓர் இளைஞரும் வந்தார்கள். பெரிய துரை வந்தார். தோட்டத்துத் தமிழ் பேசுகிற சிங்களவர், சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். அவருக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு கணக்கப்பிள்ளை நின்றார். அத்தனை பேருக்கும் நாற்காலி கிடையாது என்பதால் கணக்கப்பிள்ளையைச் சின்னப் பிள்ளைகளின் குட்டி முக்காலியில் உட்காரவைத்தார்கள். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன.

உள்ளதைச் சொல்கிறேன், நான் அச்சடித்த புத்தகத்தைத்தான் படிக்க முடிவு செய்திருந்தேன். பிழைதிருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வந்தவர்கள் நல்லபடியாகப் போகட்டும் என்று. நன்றாகவே போனது. தர்ஷிகா கையில் குட்டியோடு என் பக்கத்தில் நின்றாள். குட்டி ஒன்றும் பேசவில்லை. நான் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். "சாயங்காலம் ஆனது. மணிச் சத்தம் கேட்டது..."

"இல்ல," என்றது குட்டி.

மொழிபெயர்ப்பு இளைஞர் அம்மையாரின் காதில் ஏதோ சொன்னார். துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். மேரியக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

இந்த மாதிரி இடத்தில் உங்களுக்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைக்கும். அந்த மூச்சில் நான் பார்த்தது இதுதான்: முன்னால் நாற்காலியில் இருப்பவர்கள் சாயங்காலம் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். பாயில் இருப்பவர்கள் நாளைக்கும் இங்கேதான் இருப்பார்கள். இன்றைக்கு நான் அந்தப் பிள்ளையை வாயை மூடச் செய்தால், நாளைக்கு எந்தப் பிள்ளையும் எந்தப் புத்தகத்தையும் பார்த்து 'பொய்' என்று சொல்லாது. சொல்லாத பிள்ளையிடம் புத்தகம் படித்து என்ன பயன்?

புத்தகத்தை மூடினேன். "குட்டி ஏதோ சொல்லணும்ங்குது. கேப்போம்," என்றேன்.

குட்டி சொன்னது. அம்மா பிளேனில் போனதைச் சொன்னது. அழுததைச் சொன்னது. கோவா விஷயம் வந்தபோது, சில நாட்களாகத் தர்ஷிகாவிடம் அந்தக் கதையைக் கேட்டுப் பழகியிருந்த பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, "தின்னுச்சு! தின்னுச்சு! தொர கோவாவ தின்னுச்சு!" என்று பாட்டாகவே பாட ஆரம்பித்தார்கள். இளைஞருக்கு மொழிபெயர்க்க நேரமில்லை. கோவா, துரை என்ற இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மையார் பயந்த கண்களால் துரையைப் பார்த்தார். பிள்ளைகள் துரையைத் தின்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

அடுத்தது கணக்கப்பிள்ளை கட்டம். அது வெறும் பேச்சாக முடியும் என்று நான் நம்பினேன். தர்ஷிகா நேரே நடந்து போய், முக்காலியில் மடங்கிக் கிடந்த மனிதரின் வயிற்றில் குட்டியால் ஒரு முட்டு முட்டினாள். பின்னாலேயே மற்ற ஆட்டுக்குட்டிகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பின. முக்காலி மல்லாந்தது. "ஐயோ, புள்ளைங்களா, நான் என்னா பாவம் செஞ்சேன்!" என்று கத்தியபடியே கணக்கப்பிள்ளை, எந்தப் பிள்ளைக்கும் அடிபடாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நல்ல மனுஷன்.

எல்லாரும் எழுந்து, தூசி தட்டி, ஓய்ந்தபோது துரை மட்டும் அசையாமல் இருந்தார். தர்ஷிகாவைக் கூப்பிட்டார். அவள் போய் நின்றாள். மேரியக்காவின் உதடு மட்டும் அசைந்தது.

"இந்த ஆடு நம்ம தோட்டத்து ஆடா?"

"ஆமாங்க தொர."

"கோவா தின்னா காரியமில்ல. பசிதானே. ரோஸ் ஏன் தின்னது?"

"கோவத்துலங்க."

துரை தலையை ஆட்டினார். "சரிதான். எனக்குக் கோவம் வந்தா நானும் என்னமும் தின்கிறதுதான். எங்க வீட்டு நோனா சொல்லும்." பிறகு குட்டியின் காதைத் தொட்டுப் பார்த்தார். "இப்ப கோவம் போனதா?"

"பாதி போயிருச்சு."

"மிச்சம் பாதி?"

"அது இருக்கு," என்றாள்.

அடுத்த மாதம் துரை பங்களாத் தோட்டத்துக்குக் கம்பி வேலி போட்டார்கள். காட்டுப்பன்றிக்காகப் போட்டது. பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை.

வேன் புறப்படும்வரை அந்த அம்மையார் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த அச்சு போச்சு என்று நினைத்துக்கொண்டே எங்கள் அலுவலகம் இருக்கிற ஹட்டனுக்கு வந்தேன். சில நாளில் செய்தி வந்தது. அந்தப் பெண்பிள்ளை சொன்ன கதையையே புத்தகமாகப் போடலாம், ஆனால் முடிவு கொஞ்சம் சந்தோஷமாக இருந்தால் நல்லது என்றார்கள். எங்கள் பொறுப்பாளர் அம்மா லாச்சியைத் திறந்தார். முறுக்கு முடிந்தபின் தொலைபேசியை எடுத்து, "கதை சொன்னவங்க கடைசி இன்னும் வரலன்னு சொல்லிட்டாங்க. அவங்களக் கேக்காம நாங்க எப்படி எழுதுறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதோடு முடிந்தது. கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டோம். எந்தப் பிள்ளைக்கு என்ன கடைசியோ, அது வந்தபின் வரைந்துகொள்ளட்டும் என்று.

அச்சகக்காரர் பாவம். முதல் நாள் போன் செய்து கடைசிப் பக்கத்தில் படம் விழவில்லை என்றார். விளக்கினேன். மறுநாள் அவருடைய தம்பி போன் செய்து பக்கம் காலியாக இருக்கிறது என்றார். அவருக்கும் விளக்கினேன். கடைசியில் அவர்களாகவே நமக்கு ஓர் உதவி செய்யலாம் என்று நினைத்து, பரீட்சைத் தாளில் போடுவதுபோல அந்தப் பக்கத்தின் நடுவில் அழகாக அச்சடித்து அனுப்பிவிட்டார்கள்: 'இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது.'

கட்டுக்கட்டாக வந்து இறங்கியதை ஒட்டுத்தாள் வைத்து மறைக்க முடிந்தவரை மறைத்தோம். தப்பித்துப் போன சில பிரதிகள் மேரியக்காவிடம் போய்ச் சேர்ந்தன. அவர் அதையும் கதையின் கடைசி வரி என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஜெபம் சொல்கிற குரலில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார். பிள்ளைகளும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் வெகுநாள்வரை எந்தக் கதை முடிந்தாலும் பிள்ளைகள் எழுந்து நின்று, இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது என்று சொல்லிவிட்டுத்தான் கைதட்டுவார்கள்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் நம் வேலையில் புத்தகம் அச்சானதும் பிள்ளையின் கதை முடிந்துவிடுவதில்லை.

தர்ஷிகா பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கி, பள்ளி விட்டதும் அப்பா வேலை முடித்து வரும்வரை பிள்ளைக் காம்பராவில் வந்து இருந்த காலத்தில், ஒரு நாள் மேரியக்கா போன் செய்தார். "அம்மாக்காரி வந்துருச்சு டீச்சர். ஒரேயடியா வந்துருச்சு. ஆனா நெலம சரியில்ல. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

புவனா, அதுதான் அம்மாவின் பெயர், பிள்ளைக் காம்பராப் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினாள், உடனே அழுதுவிட்டாள்.

"என்னைய நீங்கன்னு சொல்லுதுங்க டீச்சர்."

"என்னது?"

"வந்த அன்னைக்கு வாசல்ல நின்னு, 'வாங்க, உள்ள வாங்க, டீ குடிக்கிறீங்களா'ன்னு கேட்டுச்சுங்க. ஹட்டன்லருந்து ஆபீசர் வந்தா கேக்குற மாதிரி. பொம்ம வாங்கிட்டு வந்தேன், 'ரொம்ப நன்றிங்க'ன்னு வாங்கி அலமாரி மேல வச்சிருச்சு. தல சீவிவிடுறப்ப வலிக்குதான்னு கேட்டா, 'பரவால்லங்க' அப்புடிங்குது. அவுங்க அப்பாவ வாடா போடாங்குது. என்னைய மட்டும் நீங்கங்குது."

கேட்டுக்கொண்டிருந்த மேரியக்கா, "மருவாதியா பேசுறது நல்லதுதானே," என்று ஆறுதல் சொன்னார். புவனா இன்னும் பலமாக அழுதாள்.

"இத சரி பண்ற மாதிரி ஏதாச்சும் புத்தகம் இருக்குங்களா டீச்சர்?"

என் பையில் புத்தகங்கள் இருந்தன. கோபத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, தம்பி பிறந்ததற்கு ஒன்று. அவள் அவ்வளவு நம்பிக்கையோடு அந்தப் பையைப் பார்த்தாள். ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பாள். அந்த மாதிரி நேரத்தில் பையைத் திறக்காமல் இருப்பதும் நம் வேலைதான் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

"இதுக்குப் புத்தகம் இல்லம்மா," என்றேன். "சும்மா இருங்க. போயிட்டு வாறப்ப எப்ப வருவேன்னு சொல்லிட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு வந்துருங்க. அது பாத்துக்கிட்டே இருக்கும்."

புவனா அப்படியே செய்தாள். கடைக்குப் போனாலும், தண்ணி எடுக்கப் போனாலும், மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடி வந்தாள். 'சரிங்க', 'வாங்க' என்பதே பதிலாக வந்துகொண்டிருந்தது. நான் வாசிக்கப் போகும்போதெல்லாம் மேரியக்கா நிலவரம் சொல்வார். "இன்னும் 'நீங்க'தான் டீச்சர்."

ஒரு மழைக்கால மாலை. நான் வாசிப்பை முடித்துவிட்டுக் கீழே போகிற பஸ்ஸுக்காக அங்கேயே காத்திருந்தேன். புவனா நோர்வூட் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நாலு மணிக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். மற்றப் பிள்ளைகளை எல்லாம் தாய்மார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தர்ஷிகா புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். பனி இறங்கி எதிர் லயம் மறைந்தது. மேரியக்கா உள்ளே வா, பிஸ்கட் தாறேன் என்று கூப்பிட்டுப் பார்த்தார். "வேணாங்க," என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

கடைசியில் கீழ் வளைவில் ஓர் உருவம் ஓடி வந்தது. குடை இல்லை. ஒரு செருப்புக் காலில், ஒரு செருப்புக் கையில். முழங்கால்வரை சேறு. பஸ்ஸை விட்டு இறங்கி நோர்வூட்டிலிருந்து பாதி தூரம் நடந்தே ஏறியிருக்கிறாள். மூச்சு வாங்கியபடி வாசலுக்கு வந்து, "பஸ் நின்னு போச்சு கண்ணு..." என்று தொடங்கினாள்.

"எங்க போன நீ?"

மேரியக்கா கையில் பிஸ்கட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க போன நீ? நாலு மணிக்கு வாறேன்னு சொன்னேல்ல? நீ ஏன் வரல? எவ்வளவு நேரம் நான் நிக்கிறது? நீ ஏன் எப்ப பாத்தாலும் போற? நீ ஏன் போன?" குரல் உடைந்து கத்தலாக மாறியது. புத்தகப் பையைக் கழற்றி எறிந்தாள். அம்மாவின் ஈரச் சேலையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள், வயிற்றில் குத்தினாள். குத்தக் குத்த அழுகை வந்தது, அழ அழ 'நீ', 'நீ' என்று வந்துகொண்டே இருந்தது.

மேரியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏய், பெத்தவள நீ வா போன்னு பேசுறியா? வாயில போடுவேன்!"

"அக்கா, நீங்க சும்மா இருங்க!" என்றாள் புவனா. மழையில் நனைந்த முகம், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. சேற்றிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்து, மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"திட்டு," என்றாள். "இன்னும் திட்டு."